கழற்றிப் பார்த்தவர்களைத் தேடுகிறீர்களா?

பொருள் உருவாக்கத் துறைத் தலைவர்களுக்கும், அவர்களுக்காகப் புத்தாக்கம் செய்யும் பயனர்களைத் தேடி இணையக் குழுமங்களைத் துழாவும் மென்பொருள்களை எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

பயனர்கள் கூடிப் பேசும் இணையக் குழுமம் ஒன்றில், பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்களில் நானும் ஒருவன். சம்பளம் இல்லாத வேலை. ஒரு பொருளை வாங்கியவர்கள், வாங்கிவிட்டுத் திட்டுகிறவர்கள், திட்டிவிட்டு அதைக் கழற்றி வேறொன்றாக ஆக்கிக்கொள்கிறவர்கள் என்று எல்லாரும் வந்துபோகும் இடம் அது.

சில காலமாக உங்கள் மென்பொருள் எங்கள் பக்கம் வந்துபோவது எங்களுக்குத் தெரிகிறது. பழைய இழைகள், அதாவது ஒரே தலைப்பின் கீழ் தொடரும் உரையாடல்கள், முழுவதும் ஒரே இரவில் மொத்தமாகப் படிக்கப்படுகின்றன. பிறகு உறுப்பினர்கள் சிலருக்கு ஒரே அச்சில் வார்த்த அழைப்பு போகிறது: எங்கள் ஆய்வில் நீங்கள் ஒரு புத்தாக்கப் பயனராக அடையாளம் காணப்பட்டிருக்கிறீர்கள். அது வந்தவர்கள் முதலில் செய்வது, எங்களுக்கு அனுப்பி 'இது மோசடியா?' என்று கேட்பதுதான். ஆகவே உங்கள் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு ஏறக்குறைய முழுவதுமாகத் தெரியும். அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

அதில் இருப்பவர்கள் நல்லவர்கள். தினமும் எழுதுகிறவர்கள், புதியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள், விருப்பக்குறிகளை அள்ளுகிறவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் குழுமம் நடக்காது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உங்கள் பொருளில் ஒரு திருகைக்கூடத் திருகியதில்லை. திருகியவர்களோ பட்டியலில் இல்லை. மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தேடச் சொன்னது தவறான ஆளை.

எரிக் வான் ஹிப்பல் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் 1986-இல் 'முன்னோடிப் பயனர்' என்ற கருத்தை முன்வைத்தபோது இரண்டே அடையாளங்களைச் சொன்னார். சந்தையில் பின்னால் பலருக்கும் வரப்போகும் தேவை இவருக்கு மாதங்களோ ஆண்டுகளோ முன்னதாக வந்துவிடுகிறது. அந்தத் தேவை தீர்ந்தால் இவருக்குக் கிடைக்கும் பலன் மிகப் பெரிது; ஆகவே யாராவது செய்து தரட்டும் என்று காத்திருக்காமல் தானே இறங்கிவிடக்கூடியவர். இவ்வளவுதான். நிறைய எழுதுவது, பலரால் அறியப்படுவது, நன்றாகப் பேசுவது எதுவும் இதில் இல்லை. உங்கள் மென்பொருள் எடைபோடுவதோ பெரும்பாலும் இந்த மூன்றையும்தான்.

இந்தக் கருத்து வெறும் வகுப்பறைச் சரக்கு அன்று என்பது உங்களுக்கே தெரியும். இல்லாவிட்டால் இவ்வளவு செலவு செய்து தேடமாட்டீர்கள். அறிவியல் கருவிகளில் நடந்த முக்கிய மேம்பாடுகளை வான் ஹிப்பல் ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதத்தை முதலில் செய்து பார்த்தவர்கள் அக்கருவிகளைப் பயன்படுத்திய அறிவியலாளர்களே என்று காட்டினார். பலவகைப் பொருள்களைத் தயாரிக்கும் 3எம் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள் நடந்த ஒப்பீடு 2002-இல் வெளியானது. முன்னோடிப் பயனர்களைத் தேடிப் பிடித்து உருவாக்கிய யோசனைகளின் ஐந்தாம் ஆண்டு விற்பனை சராசரியாக 14.6 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. வழக்கமான வழியில் வந்த யோசனைகளுக்கு அது 1.8 கோடி. எட்டு மடங்கு. இவை மதிப்பீடுகள்தாம், கல்லாவில் விழுந்த பணம் அன்று. உங்கள் மேலதிகாரிகளுக்குக் காட்டும் படங்களில் இந்த வேறுபாடு எப்போதும் விடுபட்டுவிடுகிறது.

இப்போது ஒரு சோதனை. உங்கள் மென்பொருளிடம் 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் பேசும் இணையச் செய்திக்குழு ஒன்றில் வந்த ஒரு குறிப்பைக் கொடுத்துப் பாருங்கள். எழுதியவர் பின்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். இலவச இயங்குதளம் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்குதான் என்றும், க்னூ என்ற மென்பொருள் திட்டத்தைப் போலப் பெரிதாகவோ தொழில்முறையிலோ இருக்காது என்றும் சொல்கிறார். மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கேட்கிறார். லினஸ் டோர்வால்ட்ஸின் அந்தக் குறிப்பிலிருந்துதான் லினக்ஸ் உலகுக்குத் தெரியவந்தது. தன்னம்பிக்கைச் சொற்களைத் தேடும் படிமுறை (அல்காரிதம்) இதற்கு என்ன மதிப்பெண் தரும்? 'பொழுதுபோக்கு', 'பெரிதாக இருக்காது' என்ற சொற்களைப் பார்த்ததும் கீழே தள்ளிவிடும். எழுதியவருக்குப் பின்தொடர்வோர் கூட்டமும் இல்லை. ஆனால் அந்தச் சில வரிகளுக்குள் எல்லாமே இருந்தது: ஒரு வேலை ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது, எந்த வகைக் கணினியில் ஓடும் என்று குறிப்பாகச் சொல்லப்படுகிறது, இருக்கும் பொருளின் குறைகளைப் பற்றிக் குறிப்பாகக் கேள்வி கேட்கப்படுகிறது.

இன்னொன்று இதைவிடக் கூர்மையானது. டானா லூயிஸ் முதல் வகை நீரிழிவோடு வாழ்பவர். உடலில் பொருத்தப்பட்ட குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி, இரவில் சர்க்கரை ஆபத்தாகக் குறைந்தால் ஒலி எழுப்பும். அந்த ஒலி அவரை எழுப்பும் அளவுக்குச் சத்தமாக இல்லை. உங்கள் பகுப்பாய்வில் இது எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும்: 'எதிர்மறை உணர்வு, ஒலி, வாடிக்கையாளர் சேவை'. அவரோ, தன் மகனின் கருவியிலிருந்து தரவை வெளியே எடுக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்த ஜான் காஸ்டிக் என்ற தந்தையை 2013-இல் ட்விட்டர் வழியாக அறிந்தார். அவருடைய நிரலைப் பெற்றுத் தனக்கு வேண்டிய உரத்த எச்சரிக்கையைச் செய்துகொண்டார். எச்சரிக்கை, முன்கணிப்பாக வளர்ந்தது. முன்கணிப்பு, இன்சுலின் பம்பைத் தானே சரிசெய்யும் அமைப்பாக வளர்ந்தது. அந்த அமைப்பின் வடிவமைப்பை 2015-இல் ஓப்பன்ஏபிஎஸ் என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். காத்திருக்கமாட்டோம் என்ற முழக்கத்தோடு அந்த நோயாளிகளும் பெற்றோர்களும் திரண்டார்கள். அதே பரந்த இயக்கத்தில் பிறந்த, இன்சுலினைத் தானே சரிசெய்யும் 'லூப்' என்ற செயலியை அடிப்படையாகக் கொண்ட டைட்பூல் லூப்புக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 ஜனவரியில் அனுமதி தந்தது.

புகார் எழுதுகிறவர் வேறு, புத்தாக்கம் செய்கிறவர் வேறு என்று உங்கள் மென்பொருளின் முதல் படியிலேயே பிரித்துவிடுகிறீர்கள். முன்னோடிப் பயனரிடம் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் எரிச்சல்தான். எரிச்சலை வெட்டி எறிந்துவிட்டு மீதியில் தேடினால், மிஞ்சுவது திருப்தியடைந்த வாடிக்கையாளர்.

நீங்கள் அளப்பவற்றைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று வலைப்பின்னல் வரைந்து, நடுவில் நிற்பவருக்கு அதிக மதிப்பெண் கொடுக்கிறீர்கள். எங்கள் குழுமத்தில் நடுவில் நிற்பவர்கள் யார் தெரியுமா? கேள்விகளுக்கு 'கையேட்டின் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்' என்று பதில் சொல்லும் அன்பர்கள். ஏற்கெனவே தெரிந்ததைப் பரப்புவதில் வல்லவர்கள் அவர்கள். ஒரு புதிய பொருளை அறிமுகப்படுத்தும்போது அவர்களைத் தேடுங்கள், பலன் கிடைக்கும். முன்னோடிகளோ பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிறார்கள். இரண்டு குழுமங்களில் காலூன்றி, ஒன்றில் கற்றதை மற்றொன்றில் எழுதுகிறவர்கள். ஓரத்தைக் காட்டும் அளவுகளும் வலைப்பின்னல் கணிதத்தில் உண்டு. இரு கூட்டங்களுக்கு இடையே பாலமாக இருப்பவரை அது பிரித்தறியும். அதைக் கணக்கிடுவதற்கு நீங்கள் ஒரே குழுமத்தின் தரவோடு நின்றுவிடக் கூடாது.

விருப்பக்குறிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலருக்கும் இப்போதே பிடித்துவிட்ட யோசனை, முன்னோடி யோசனையாக இருக்க வாய்ப்புக் குறைவு. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா ஒரு பயனராக, ட்விட்டரில் தலைப்புகளை # குறியோடு எழுதினால் என்ன என்று கேட்டபோது பெரிய ஆரவாரம் ஏதும் எழவில்லை. நிறுவனமும் துள்ளிக் குதிக்கவில்லை. 2009-இல்தான் அந்தக் குறிகளைச் சொடுக்கக்கூடியவையாக அது மாற்றியது. அதற்குள் பயனர்கள் அதை வழக்கமாக்கிவிட்டிருந்தார்கள்.

தலைப்புகளைத் தானாகப் பிரிக்கும் முறைகளும் உங்களிடம் இருக்கின்றன. பெருவாரியாகப் பேசப்படும் பொருள்களை அவை நன்றாகக் காட்டும். எங்கோ ஒருவர் ஒருமுறை மட்டும் சொன்னதை அவை 'இதர' என்ற பெட்டியில் போட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் எழுத்தைப் படித்துப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவான பெரிய மொழி மாதிரிகளிடம் 'இவர் புத்தாக்கப் பயனரா?' என்று நேராகவே கேட்டுவிடுகிறீர்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. சரளமாக எழுதப்பட்ட, 'நான் ஒரு புதிய அணுகுமுறையை முன்மொழிகிறேன்' என்று தொடங்கும் பதிவு அதைக் கவர்ந்துவிடும். மங்கலான ஒரு படம், கீழே 'இப்போது சூடாகவில்லை, ஆனால் மூடி பொருந்தவில்லை' என்று ஒற்றை வரி, இது கவராது. எங்கள் அனுபவத்தில் முன்மொழிகிறவர்கள் அநேகமாக எதையும் செய்வதில்லை.

சரி, பின் எதைத் தேடுவது? செயலின் தடயத்தைத் தேடுங்கள். 'நான்' என்று தன்மையில், இறந்தகாலத்தில், முடிந்துபோன வேலையைச் சொல்லும் வினைகள்: வெட்டினேன், மாற்றினேன், ஒட்டினேன், எழுதிச் சேர்த்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் அளவுகள்: மில்லிமீட்டர், வோல்ட், பாகத்தின் எண், நிரலின் துண்டு. இந்தப் பொருளோடு தொடர்பே இல்லாத வேறொரு துறையின் பொருளின் பெயர் திடீரென்று வருவது மிக நல்ல அடையாளம். தோல்வியைப் பற்றிய வரி இன்னும் நல்லது. கற்பனை செய்கிறவருக்குத் தோல்வி கிடையாது, செய்து பார்த்தவருக்குத்தான் உண்டு. அப்புறம் கீழே வரும் பதில்களைப் பாருங்கள். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். 'அருமை' என்று நாற்பது பேர் எழுதுவதைவிட, 'அந்தப் பாகத்தை எங்கே வாங்கினீர்கள்?' என்று இரண்டு பேர் கேட்பது அதிகம் சொல்கிறது.

காலத்தையும் பயன்படுத்துங்கள். இதை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. இன்று சந்தையில் இயல்பாகிவிட்ட அம்சங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய இழைகளுக்குப் போய், அந்த அம்சத்துக்குப் பெயரே இல்லாத காலத்தில் அதைச் சுற்றி வளைத்து விவரித்தவர் யார், அதைத் தானே செய்துகொண்டவர் யார் என்று பாருங்கள். அவர்கள் அப்போது எப்படி எழுதினார்கள், எத்தனை பேர் கவனித்தார்கள் என்பதைக் கொண்டு உங்கள் படிமுறையைப் பயிற்றுங்கள். இப்போது நீங்கள் பயிற்றுவது, உங்கள் ஊழியர் ஒருவர் 'இது புதுமையாகத் தெரிகிறது' என்று குறியிட்ட பதிவுகளை வைத்து. அதில் அவருடைய ரசனையைத்தான் மென்பொருள் கற்றுக்கொள்கிறது. பின்னோக்கிப் பார்ப்பதிலும் குறை உண்டு. வென்ற யோசனைகள் மட்டுமே கண்ணில் படும், வெல்லாமல் போன நல்லவை படமாட்டா. அப்படியும் குறியிடும் ஊழியரின் ரசனையைவிட இது மேல்.

அடுத்து ஒரு சிறு கணக்கு. ஆயிரத்தில் ஒரு பதிவில்தான் உண்மையான புத்தாக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பதிவுகளில் நூறு. பதிவுகளை வகைபிரிக்கும் உங்கள் மென்பொருள், புத்தாக்கத்தை 95 சதவீதம் சரியாகப் பிடிக்கிறது. மற்றதை 95 சதவீதம் சரியாக ஒதுக்குகிறது. கேட்க மிக நன்றாக இருக்கிறது. அது நூறில் 95-ஐப் பிடிக்கும். கூடவே மீதி 99,900 பதிவுகளில் 4,995-ஐத் தவறாகப் பிடித்து வரும். கைக்கு வரும் 5,090-இல் உண்மையானவை 95. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இதற்காக மென்பொருளைக் குறை சொல்லமாட்டேன். ஒரு லட்சத்தை ஐயாயிரமாக்கியது பெரிய உதவி. அது ஒரு சல்லடை. சலித்துக் கொடுக்கும், பொறுக்கிக் கொடுக்காது. நீங்கள் அந்த ஐயாயிரத்தையும் மதிப்பெண் வாரியாக அடுக்கி, மேலிருந்து இருபது பேருக்கு அழைப்பு அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்கிறீர்கள். ஆர்டெம் டிமோஷென்கோவும் ஜான் ஹாசரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் பயனர் எழுத்துகளிலிருந்து வாடிக்கையாளர் தேவைகளைக் கண்டறிய இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தினார்கள். பயனில்லாத வாக்கியங்களையும் திரும்பத் திரும்ப வருவனவற்றையும் கழிப்பது இயந்திரத்தின் வேலை. தேவை என்ன என்று படித்து எழுதுவது மனிதர்களின் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவினைதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

கிடைத்த பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். கண்டுபிடித்த முதல் ஆளிடம் 'உங்களைவிட இதில் மூழ்கியவர் யார்?' என்று கேளுங்கள். அவர் சொல்பவரிடமும் அதையே கேளுங்கள். இப்படி ஒருவர் வழியாக ஒருவரை ஏறிப் பிடிப்பதை, எல்லாரையும் வரிசையாகச் சலிப்பதோடு வான் ஹிப்பலும் சக ஆய்வாளர்களும் 2009-இல் ஒப்பிட்டார்கள். ஏறிப் பிடிக்கும் முறை சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான உழைப்பில் அதே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த முறைக்கு இன்னொரு பலமும் உண்டு: அது குழுமத்தின் வேலியைத் தாண்டும். அறுவைச் சிகிச்சையில் தொற்றைத் தடுக்க வழி தேடிய 3எம் குழு, கால்நடை மருத்துவமனை ஒன்றின் நிபுணர்களையும் ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞரையும் பட்டறைக்கு அழைத்தது. விலங்குகளுக்கு உடல் முழுக்க முடி, குளிப்பதும் இல்லை, செலவழிக்கப் பணமும் குறைவு. ஆனாலும் தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பனைக் கலைஞருக்கோ, தோலை உறுத்தாமல் ஒட்டி எளிதாகப் பிரிந்துவரும் பொருள்கள் அத்துபடி. அறுவை மருத்துவர்களின் குழுமத்தை எத்தனை ஆண்டு துழாவினாலும் இவர்கள் பெயர் அதில் வந்திருக்காது.

எழுதாதவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, முந்தைய மூன்று ஆண்டுகளில் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு பொருளை உருவாக்கியோ மாற்றியோ இருந்தவர்கள் மக்களில் சுமார் 6 சதவீதத்தினர். அவர்கள் செய்தவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே மற்றவர்களால் எடுத்துக்கொள்ளப்பட்டன. தன் தேவை தீர்ந்ததும் ஆள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். எங்கள் குழுமத்தில் இருப்பதே மிச்சம்தான்.

கடைசியாக, எங்களைக் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 'புத்தாக்கப் பயனர்கள்' என்று தலைப்பிடும் அதே பட்டியலுக்கு உங்கள் சட்டப் பிரிவு வேறு தலைப்பு வைக்க முடியும்: உத்தரவாத நிபந்தனைகளை மீறியவர்கள். கருவியைத் திறந்தேன் என்று ஒருவர் நண்பர்களிடம் பேசுவதுபோலப் பேசிய வரியை, அவருக்குத் தெரியாமல் பெயரோடு சேர்த்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறீர்கள். அது மருத்துவக் கருவியாக இருந்தால், அவருடைய நோயையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறீர்கள். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் உடல்நலத் தரவைத் தனி வகையாகக் கருதிக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்கின்றன. எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதியதுதானே என்பது அங்கே முழுப் பதிலாகாது.

1998-இல் லெகோ நிறுவனம் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோத் தொகுப்பை வெளியிட்ட சில வாரங்களிலேயே பயனர்கள் அதன் மென்பொருளைப் பிரித்துவிட்டார்கள். வழக்குப் போடுவதா விட்டுவிடுவதா என்ற கேள்வி அந்த நிறுவனத்துக்கும் வந்தது. விட்டுவிடத் தீர்மானித்ததோடு, மாற்றி எழுதும் உரிமையையும் பயனர்களுக்கு வெளிப்படையாகக் கொடுத்தது. 2006-இல் வந்த அடுத்த பதிப்பை உருவாக்கும்போது, தீவிரப் பயனர்கள் நால்வரை முதலில் இரகசியமாக அழைத்து வடிவமைப்பில் உட்காரவைத்தது. அந்த நால்வரைக் கண்டுபிடிக்க யாருக்கும் மதிப்பெண் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. அவர்கள் செய்து வைத்திருந்தவை கண்முன்னே இருந்தன. ஆட்களைப் பிடித்ததைவிட, பிரித்தவர்களைத் தண்டிக்கமாட்டோம் என்று முதலில் சொன்னதுதான் பெரிய வேலை என்பேன். அதைச் சொல்லாத நிறுவனத்தின் குழுமத்தில் பிரித்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். எந்தப் படிமுறையும் மௌனத்தைப் படிக்காது.

மதிப்பெண் முறையை வெளியே கசியவிட்டு அதற்குப் பரிசும் வைத்தால் இன்னொன்று நடக்கும். அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது: 'நான் மாற்றினேன்' என்று தொடங்கும், மாற்றியதற்கு எந்தத் தடயமும் இல்லாத பதிவுகள் வர ஆரம்பித்திருக்கின்றன. அவற்றை நீக்கும் வேலை எங்களுக்கு.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. துழாவும் முன் மட்டுறுத்துநர்களுக்கு எழுதுங்கள்; எதைத் தேடுகிறீர்கள், எதைச் சேமிப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று சொல்லுங்கள். பொருளை மாற்றியதாக எழுதியவர்மீது அந்தப் பதிவை வைத்து நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று உங்கள் சட்டப் பிரிவின் கையெழுத்தோடு அறிவியுங்கள். அழைப்புக் கடிதத்தை அச்சில் வார்க்காதீர்கள். அவர் எழுதிய எந்த வரியைப் படித்து வந்தீர்கள் என்று முதல் வாக்கியத்திலேயே குறிப்பிடுங்கள், மோசடியா என்ற கேள்வி தானாகவே நின்றுவிடும். அவருடைய வேலை உங்கள் பொருளில் சேர்ந்தால் பெயரும் பணமும் எப்படி என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். நீரிழிவுக் குழுவினர் காட்டியதுபோல, சிலருக்கு உங்கள் உதவி தேவைப்படுவதே இல்லை.

இன்னும் ஒன்று. பேச வருகிறவர் சந்தை ஆய்வு நிறுவனத்தின் ஆளாக இல்லாமல், அந்தப் பொருளை வடிவமைத்த பொறியாளராக இருக்கட்டும். மூடி ஏன் பொருந்தவில்லை என்று அவருக்குத்தான் கேட்கத் தெரியும்.

இப்படிக்கு,
பயனர் குழுமம் ஒன்றின் மட்டுறுத்துநர்